சிற்றாற்றுக்கு டில்லி என்று பேர்

தென்காசி
ஐப்பசி 6

அன்புள்ள மகன் கடற்கரைக்கு அம்மா எழுதிக்கொள்வது. காசி விசுவநாதர் புண்ணியத்தில் இங்கே நான், அப்பா, போன வாரம் கன்று போட்ட செவலைப் பசு எல்லோரும் சுகமாக இருக்கிறோம், இலங்கையில் நீயும் உன் தோட்டப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் அப்படியே இருக்க வேண்டும். அட்டைக்கடி அதிகம் என்று எழுதியிருந்தாய், காலில் புகையிலைத் தண்ணீர் தடவிக்கொள், வாத்தியார் ஆயிற்றே என்று வெட்கப்படாதே.

நீ சித்திரையில் போட்ட கடிதத்துக்குப் பிறகு அப்பா உனக்கு ஒரு வரி எழுதவில்லை. பிள்ளைகளுக்குப் பாடம் வருஷக்கணக்கில் மனசில் நிற்க வேண்டுமானால் ஒரே மூச்சில் ஒப்பிக்க வைத்தால் போதாது, நாள் விட்டு நாள் விட்டுப் புத்தகத்தை மூடிவைத்துப் பழைய பாடத்தைக் கேட்க வேண்டும் என்று நீ எழுதியதில் தப்பில்லை, ஆனால் இருபத்தெட்டு வருஷம் பிரம்பு பிடித்த மனுஷனுக்கு அவர் பெற்ற பிள்ளையே அதை எழுதலாமா. உங்கள் இருவருக்கும் நடுவில் கிடந்து ஆறு மாதமாய் எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

ஆடியில் ஒரு கூத்து நடந்தது. குற்றாலத்துக்குச் சாரலில் குளிக்க வந்த ஸ்கூல் இன்ஸ்பெக்டர், தலை ஈரம் காயாமல் அப்பாவின் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்துவிட்டார். பங்குனிப் பரீட்சையில் மடமடவென்று ஒப்பித்த அதே பிள்ளைகள்தான். வள்ளித்தாய் மகன் சுடலையாண்டியை எழுப்பி, நம் ஊரில் ஓடுகிற ஆறு எது என்று கேட்டிருக்கிறார். தினம் அதில் முங்கி எழுகிறவன், டில்லி என்று சொல்லிவிட்டான். புத்தகத்தில் தலைநகரம் எது என்ற முதல் கேள்விக்கு விடை டில்லி, இரண்டாவதுக்குத்தான் சிற்றாறு, வரிசையாய்ப் படித்தவனுக்கு வரிசை மாறினால் என்ன தெரியும். இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டு, புரட்டாசியில் திரும்ப வருவேன், அப்போதும் இப்படி என்றால் பள்ளிக்கூடத்தின் அங்கீகாரத்தை எடுக்கும்படி எழுதிவிடுவேன் என்று சொல்லிப் போனாராம். அப்பா அன்று சாப்பிடவில்லை. எனக்குப் பாவமாக இருந்தது.

மறுநாள் அரிசிப் பானைக்குப் பின்னால் நான் வைத்திருந்த உன் கடிதத்தைக் காணோம். நானும் கேட்கவில்லை. அன்றிலிருந்து பள்ளிக்கூடத்தில் புத்தகத்தை மூடச் சொல்லி, நேற்றுப் பாடத்தில் ஒன்று, போன வாரப் பாடத்தில் ஒன்று, பங்குனிப் பாடத்தில் ஒன்று என்று மாற்றி மாற்றிக் கேள்விதான். வள்ளித்தாய் வந்து, "என்ன ஆச்சி, வாத்தியாரு பழசையே கேக்காரு, புதுசா ஒண்ணும் சொல்லித்தர மாட்டாரா" என்று குறைப்பட்டாள். என்னையும் விடவில்லை, குழம்பு கொதிக்கிற நேரத்தில் வந்து போன வெள்ளிக்கிழமை நான் சொன்ன மளிகைக் கணக்கைக் கேட்பார், நான் கரண்டியும் கையுமாய் விழிப்பேன்.

இன்ஸ்பெக்டர் சொன்னபடி வந்தார், கேள்விகளைத் தலைகீழாய்க் கேட்டார். பிள்ளைகள் முன்போல மடமடவென்று சொல்லவில்லையாம், மேலே பார்த்து யோசித்துச் சொன்னார்களாம், இரண்டு பேர் தவிர எல்லாம் சரி. திருப்தி என்று நோட்டில் எழுதிவிட்டுப் போனார். அன்றைக்கு அப்பா மறுசோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கை கழுவிக்கொண்டே, "அவன் எழுதுனது சரிதான்னு எழுது. நான் சொன்னேன்னு எழுதாத" என்றார்.

எழுதிவிட்டேன். நீ அப்பாவுக்கென்று தனியாக ஒரு கடிதம் போடு. அதில் புத்தி சொல்லாதே, ஏதாவது சந்தேகம் கேள். தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்துக் குளிக்க மறந்துவிடாதே. நூறு வயசுக்கு நீ நன்றாக இருக்க வேண்டும் ராசா.

இதை முடித்து வைத்ததும் பிழை பார்த்துத் தருகிறேன் என்று அவர் வாங்கிக்கொண்டு போனார். சிவப்பு மையில் திருத்தியிருப்பதெல்லாம் அவர் கை. எழுதாதே என்று சொன்னாரே, அந்த வரியை அவர் அடிக்கவில்லை.

உன் அம்மா
முப்பிடாதியம்மாள்