இறைச்சி போட்டுச் சேர்த்த பூதம்

வெள்ளி, 12 செப்டம்பர் 2003

அரக்கோணம் முதியோர் இல்லத்துக்குப் போக நான் சம்மதித்துவிட்டதாகச் சபையில் பேசிக்கொள்கிறார்கள். நான் சம்மதிக்கவில்லை. என்னை யாரும் கேட்கவே இல்லை.

இன்று குடும்ப ஜெபம் முடிந்ததும் மகன் சாமுவேலிடம் கேட்பது என்றிருந்தேன். ஆம்பூர் ஷூ கம்பெனியில் மேனேஜராக இருக்கும் அவன், கையடக்க வீடியோ விளையாட்டுப் பெட்டி ஒன்றை மடியில் ஒளித்து வைத்திருந்தான். நான் கண்மூடி ஜெபித்துக்கொண்டிருக்கும்போதே, "சேர்ந்துடுச்சு!" என்று கத்தினான்.

மருமகள் எட்டிப் பார்த்தாள். "இன்னாங்க அது, சளி மாதிரி?"

"பூதம். இறைச்சி போட்டுப் போட்டுப் புடிச்சேன். இனிமே நம்ம கூட்டம்."

"பழசு ரெண்டு இருந்துச்சே?"

"அதுங்கள ஜோடி சேத்தா குட்டி வரும். அப்பா, அம்மா ரெண்டும் போய்டும். எடம் வேணும்ல?"

இருவரும் சிரித்தார்கள். ஆமென் சொல்லாமலே ஜெபத்தை நிறுத்தினேன். இல்லத்தைப் பற்றிக் கேட்டேன். "இரும்மா, ஆட்டத்த சேவ் பண்ணிக்கிறேன்" என்றான். பண்ணிவிட்டுத் தூங்கப் போய்விட்டான்.

சாமுவேல், இந்தப் பக்கத்தைத் திறந்தபடியே சாப்பாட்டு மேசையில் வைக்கிறேன். என்னை அனுப்பப் போகிறாயா, இல்லையா? கீழே உன் கையெழுத்தில் பதில் எழுது.