கோட்டுக்கு முன்னால் விலகிக்கொள்கிறவன்

போன ஞாயிற்றுக்கிழமை பெங்களூரில் மகள் வீட்டில் இருந்தேன். டிவியில் ஏதோ ஓர் ஐரோப்பிய நாட்டின் சைக்கிள் பந்தயம் ஓடிக்கொண்டிருந்தது. கடைசிக் கிலோமீட்டர். ஒரே நிறச் சட்டை போட்ட நாலு பேர் ரயில் பெட்டி மாதிரி ஒருவர் பின் ஒருவராகக் கோத்துக்கொண்டு கூட்டத்துக்கு முன்னால் வந்தார்கள். முதல் ஆள் தீர்ந்துபோய் விலகினான். இரண்டாமவனும் விலகினான். மூன்றாவது ஆள் தடித்த தோள்காரன். தலையைக் கைப்பிடி வரை இறக்கிக்கொண்டு கடைசி மூச்சு வரை மிதித்துவிட்டு இடது பக்கம் ஒதுங்கினான். அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒல்லியான ஒருவன் சீறிக் கிளம்பி, இரண்டு கையையும் தூக்கியபடி கோட்டைத் தாண்டினான்.

மகள் கைதட்டினாள். நான் திரையின் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்பா, ஜெயிச்சவரு நடுவுல இருக்காரு. நீங்க எங்க பாக்கறீங்க?"

"விலகினவன் வர்றானான்னு பாக்கறேன்மா."

கேமரா அவனைக் காட்டவே இல்லை. ஆனால் அவன் எப்படி வந்திருப்பான் என்று எனக்குத் தெரியும். முதுகை நிமிர்த்தி, ஒரு கையைத் தொடையில் ஊன்றி, கூட்டமெல்லாம் தாண்டிப் போன பிறகு, சந்தைக்குப் போய்வருகிறவன் மாதிரி நிதானமாக. நீ அப்படித்தான் வருவாய். நீ செத்துப்போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. இதுவரை உனக்கு ஒரு வரி எழுதத் தோன்றவில்லை. அன்று ராத்திரி தோன்றியது.

நாம் முதலில் நண்பர்களாகச் சேரவில்லை, எதிரிகளாகத்தான் சேர்ந்தோம். சுதந்திர தினத்துக்கு ஊரில் நடக்கும் பந்தயத்தில் நீ முதலிலிருந்தே முன்னால் போவாய். ஊரிகத்தில் தொழிலாளர் லைன் வீட்டு ஆள், கோலார் தங்கச் சுரங்கத்தில் வேலை, கதவு அகலத் தோள். உன் சைக்கிள் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோன ஓர் ஆங்கிலோ இந்தியக் குடும்பம் விட்டுப்போனது. உன் உயரத்துக்கு அது சின்னது. முழங்கால் இரண்டும் வெளியே விரிய நீ மிதிப்பதைப் பார்த்தால் சிரிப்பு வரும். ஆனால் சிரித்துக்கொண்டே உன் பின்னால் ஒட்டிக்கொண்டு வருவோம். கடைசித் திருப்பத்தில் எங்களில் யாராவது ஒருவன் உன்னைத் தாண்டிப் போய் ஜெயிப்பான். அந்த வருஷம் ஜெயித்தவன் நான்.

பரிசு கொடுத்து முடிந்ததும் நீ நேராக என்னிடம் வந்தாய். அடிக்கத்தான் வருகிறாய் என்று நினைத்தேன்.

"உன் பேரு இன்னா?"

"குமார். ஃபேக்டரியில ஃபிட்டர்."

"இத பாரு குமாரு. வருஷா வருஷம் நான் காத்த ஒடைக்கிறேன், எவன் எவனோ பிரைஸ் வாங்கினு போறான். இனிமே எவன் வாங்கணும்னு நான்தான் சொல்வேன். நீ வாங்கு."

தோற்றவன் வந்து இப்படிக் கட்டளை போடுவதை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை.

டிவியில் அந்த நாலு பேர் என்ன செய்தார்கள் என்று மகள் கேட்டபோது, நீ எனக்குச் சொன்னதைத்தான் அவளுக்குச் சொன்னேன். சைக்கிள் பந்தயத்தில் எதிரி பக்கத்தில் வருகிறவன் இல்லை, காற்று. முன்னால் போகிறவன் அதை உடைக்கிறான். ஒரு சாண் தள்ளி அவன் பின்னால் வருகிறவனுக்குப் பாதிப் பாடு மிச்சம். கடைசி வரை ஒருவன் முதுகில் மறைந்து வந்து, மிச்சம் வைத்த பலத்தை எல்லாம் கோட்டுக்குக் கொஞ்ச தூரம் இருக்கும்போது கொட்டுகிறவன் ஸ்பிரிண்டர். அவனை அந்த இடம் வரை கொண்டுவந்து விடுகிறவனுக்கு நம் ஊரில் பெயர் கிடையாது. "இழுக்கிறவன்" என்று நீயே வைத்துக்கொண்டாய்.

பேத்தமங்கலம் சாலையில் பழகினோம். நீ ஷிஃப்ட் முடிந்து, சுரங்கத்தில் ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜில் மேலே வந்து, குளித்த ஈரத்தோடு சைக்கிளை எடுத்துக்கொண்டு வருவாய். தங்கம் பிரித்த கழிவு மணலைக் கொட்டிவைத்த சயனைடு மேட்டிலிருந்து காற்று கிளம்பினால் சாம்பல் நிற மணல் பல்லில் நறநறக்கும். எனக்கு முன்னால் நீ, உனக்கு முன்னால் பீட்டர். ஆண்டர்சன்பேட்டை பேக்கரியில் வேலை செய்கிற பீட்டரை மூன்றாவது ஆளாக நீதான் பிடித்துவந்தாய். "பன்னும் கிடைக்கும், ஆளும் கிடைப்பான்" என்றாய். பீட்டர் முதலில் இழுத்துத் தீர்ந்து விலகுவான். பிறகு நீ. பிறகு நான்.

என் அவசரம்தான் நம் பிரச்சினை. கோடு கண்ணில் பட்டதும் பாய்ந்துவிடுவேன், பாதியில் கால் செத்துப்போகும். அதற்காக நீ ஒரு வழி கண்டுபிடித்தாய். மிதித்துக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல், அடித்தொண்டையில் சொல்லிக்கொண்டே வருவாய். "இன்னும் இல்ல... இன்னும் இல்ல..." அந்த வேகத்தில் உனக்கு மூச்சே இருக்காது, பேச்சு எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பிறகு இடது பக்கம் ஒதுங்கி, "போ!" என்பாய். நான் போவேன். போன இடத்தில் எல்லாம் ஜெயித்தேன். கோலார், சிந்தாமணி, முல்பாகல். குக்கர் உன் வீட்டுக்கு, சுவர்க் கடிகாரம் என் வீட்டுக்கு, மேசை விசிறி பீட்டர் வீட்டுக்கு. உன் பெண்டாட்டி செல்விதான் அந்தக் குக்கரைக் காட்டிக் காட்டி லைன் முழுக்கப் பெருமை பேசியது.

பத்திரிகையில் என் படம் வந்தபோது உன் லைன் ஆட்கள் உன்னைச் சீண்டினார்கள். "இன்னாப்பா, நீ முன்னாடி போற, அவன் படம் வருது?" நீ டீயை ஆற்றிக்கொண்டே சொன்னாய்: "அந்தப் படம் வரணும்னு சொன்னதே நான்தான்." அவர்கள் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. நீ சொன்னது உண்மை என்று எனக்குத் தெரியும்.

பிறகு சுரங்கத்தை மூடப்போகிறார்கள் என்ற பேச்சு வலுத்தது. பல வருஷப் பேச்சுதான், ஆனால் அந்த முறை யாரும் சிரித்து ஒதுக்கவில்லை. உனக்கு இரண்டு சின்னப் பெண் பிள்ளைகள். எனக்கு ஃபேக்டரி இருந்தது. பீட்டருக்கு பேக்கரி இருந்தது. அந்த நேரத்தில்தான் கோலாரில் தொடங்கி ஹொஸ்கோட்டை எல்லையில் முடிகிற பந்தயம் வந்தது. விளையாட்டு வீரர்களுக்கான ஒதுக்கீட்டில் ஆள் எடுக்கும் ஒரு துறையின் அதிகாரிகள் வருகிறார்கள் என்றும், முதலில் வருகிறவனை எடுத்துக்கொள்வார்கள் என்றும் செய்தி. அடுத்த வருஷம் உனக்கு வயது தாண்டிவிடும்.

ஊரிகம் ஸ்டேஷன் பக்கத்தில் நின்று அதைப் பேசினோம். "இந்த தடவ நான் இழுக்கறேன். நீ என் பின்னாடி வா" என்றேன்.

என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாய். "உன் பின்னாடியா? உன் சைஸுக்கு என் மூக்கு கூட மறையாது."

"விளையாடாத. உனக்கு வேலை வேணுமா, வேணாமா?"

"வேணும். ஆனா நீ வுட்டுக் குடுத்து வேணாம். நான் இழுப்பேன், நீ ஜெயிப்பே. அதான் நம்ம கணக்கு. பேச்ச வுடு."

பீட்டர் உன்னிடம் கெஞ்சினான். நீ அசையவில்லை. பந்தயத்தன்று காலையிலும் பழைய திட்டத்தோடுதான் கோடு கிழித்த இடத்தில் நின்றோம். அது பொய்யில்லை. உன் பின்னால் வந்து ஜெயிக்கத்தான் நானும் கிளம்பினேன்.

பெங்களூர் அணியில் மஞ்சள் சட்டைக்காரன் ஒருவன் இருந்தான், வெளிநாட்டு சைக்கிள் வைத்திருந்தவன். அவனுக்கு என்னைத் தெரியும். நர்சாபூர் தாண்டியதிலிருந்து என் பின்சக்கரத்தை விடவில்லை. நான் தண்ணீர் குடித்தால் அவனும் குடித்தான், நான் ஒதுங்கினால் அவனும் ஒதுங்கினான். ஹொஸ்கோட்டை நெருங்கியதும் பீட்டர் முன்னால் வந்து உயிரைக் கொடுத்து மிதித்துவிட்டு விலகினான். நீ தலையை இறக்கினாய். "இன்னும் இல்ல" தொடங்கியது.

அப்போது என் கக்கத்தின் இடுக்கு வழியே பின்னால் பார்த்தேன். மஞ்சள் சட்டை, அவன் பின்னால் இன்னொருவன், அவனுக்கும் பின்னால் ஒரு நீண்ட வரிசை. எல்லாருடைய கண்ணும் என் இடுப்பில் இருந்தது. நான் எப்போது எழுந்து மிதிப்பேன் என்று காத்திருந்தார்கள். உன்னை ஒருவனும் பார்க்கவில்லை. விலகிப் போகிறவனை எவன் பார்ப்பான்?

நான் மிதிப்பதைக் குறைத்தேன்.

ஒரு சாண் ஒரு முழமானது. முழம் ஒரு சைக்கிள் நீளமானது. காற்று என் முகத்தில் வந்து அறைந்தது. மஞ்சள் சட்டைக்காரனுக்கு விஷயம் புரிந்தது, ஆனால் அவன் மாட்டிக்கொண்டான். என்னைத் தாண்டி உன்னைப் பிடிக்கப் போனால் நான் அவன் முதுகில் ஒட்டிக்கொள்வேன், அவனே என்னைக் கோடு வரை இழுத்துக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். போகாவிட்டால் நீ போய்விடுவாய். அவன் யோசித்தான். அந்த யோசனைக்குள் நீ ஒரு லாரி நீளம் போய்விட்டாய்.

எல்லாம் சரியாகத்தான் இருந்தது, உன்னைத் தவிர. உன் இடம் வந்ததும் வழக்கப்படி இடது பக்கம் ஒதுங்கினாய். "போ!" என்று நீ கத்தியது எனக்குத் தூரத்தில் கேட்டது. யாரும் தாண்டிப் போகாததால் திரும்பிப் பார்த்தாய். நீ மிதிப்பதை நிறுத்தினாய். எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து, எனக்காகக் காத்திருக்கப் பார்த்தாய்!

நெஞ்சில் இருந்த மூச்செல்லாம் சேர்த்துக் கத்தினேன். "போடா! நீ போ!"

ஒரு நொடி என் முகத்தைப் பார்த்தாய். அந்தப் பார்வையில் நன்றி இல்லை, கோபம்தான் இருந்தது. அந்தக் கோபத்தோடு திரும்பி, இருக்கையை விட்டு எழுந்து நின்று மிதித்தாய். மஞ்சள் சட்டை இனிப் பொறுக்க முடியாமல் பாய்ந்தான். நான் அவன் பின்னால். அவன் உன்னை நெருங்கிக்கொண்டே போனான். உன் முழங்கால் இரண்டும் அகலமாய் விரிந்து விரிந்து மூடின. ஒரு சக்கரத்தின் அளவில் நீ முதலில் தாண்டினாய். கையைத் தூக்கவில்லை. தூக்க வேண்டும் என்று உனக்குத் தெரிந்திருக்கவில்லை.

சாலையோரம் வாந்தி எடுத்துவிட்டு என்னிடம் வந்தாய். என் சட்டைக் காலரைப் பிடித்தாய்.

"வீல் போச்சா, இல்ல வேணும்னே வுட்டியா?"

"வுட்டேன்."

பீட்டர் குறுக்கே வந்து நின்றான். நீ காலரை விட்டுவிட்டு, உன் பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரை என் தலையில் ஊற்றிவிட்டுப் போய்விட்டாய். அதற்கு அர்த்தம் என்னவென்று பீட்டரும் நானும் ஊர் வந்து சேரும்வரை பேசித் தீரவில்லை.

அப்புறம் நீ என்னோடு பேசவில்லை. வேலை உத்தரவு வந்த அன்று செல்விதான் எங்கள் வீட்டுக்குள் வந்தது. "ஆர்டர் வந்துட்சுண்ணா! அவரு வெளிய நிக்கிறாரு. உள்ள வரமாட்டாராம். நீங்க வந்து கூப்டுங்க." நான் வெளியே வந்தேன். நீ எங்கோ பார்த்துக்கொண்டு நின்றாய். சண்டையைத் தொடர்கிற குரலிலேயே சொன்னாய்.

"எத்தினி ரேஸ் போயிருப்போம்? கடைசில எப்பவும் உன் முதுகுதான்டா பாத்திருக்கேன். அன்னிக்கி முன்னாடி ஒருத்தனும் இல்ல. அந்தக் கோடு எவ்ளோ வெள்ளையா இருக்குது தெரியுமா?"

"தெரியும்" என்றேன்.

"உனக்குத் தெரியும். எனக்கு இப்பதான் தெரியும்." அப்புறம் உள்ளே வந்து சாப்பிட்டாய்.

நீ ஹூப்ளிக்குப் போனாய். சில மாதத்தில் சுரங்கம் மூடியது. உன்னோடு கேஜில் இறங்கியவர்கள் வாயிலில் கூட்டமாய் நின்றபோது நீ அங்கே இல்லை, அதில் எனக்கு இன்றும் சந்தோஷம்தான். துறை அணியிலும் நீ யாரையாவது இழுத்துக்கொண்டுதான் இருந்தாய் என்று கேள்விப்பட்டேன். விடுமுறைக்கு வரும்போது அவர்களைப் பற்றிச் சொல்வாய். "நல்ல பசங்க. ஆனா உன்ன மாதிரி அவசரக்காரன் ஒருத்தனும் இல்ல."

பூமிக்கு அடியில் தின்ற தூசி விடவில்லை. கடைசியாக உன்னைப் பார்த்தபோது மூக்கில் குழாய் இருந்தது. ஒரு வாக்கியத்தை மூன்று தவணையில் சொன்னாய். நான் அழுதுவிடுவேன் என்று பார்த்துவிட்டு, "இன்னாடா மூஞ்சி அது? இன்னிக்கும் காத்து எதுர்லதான். வேற இன்னா?" என்றாய். செல்வி சிரித்துவிட்டது. நானும் சிரித்தேன். ஒரு மூச்சுக்கு இத்தனை பாடுபடும் நீ, அதில் பாதியை என்னைச் சிரிக்க வைக்கச் செலவழித்தாய்.

நான் ஃபேக்டரியிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். பீட்டருக்கு ஆண்டர்சன்பேட்டையில் சொந்தமாக பேக்கரி இருக்கிறது, தொப்பையும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு பேரும் பேத்தமங்கலம் வரை போகிறோம். ஏரிக்கரை தொடங்கும் இடத்தில் மரம் இல்லை, வீடு இல்லை, காற்று நேராக வந்து மோதும். அங்கே நான் முன்னால் போய்விடுகிறேன். வாழ்நாள் முழுக்க இன்னொருவன் முதுகில் வந்தவன்தான். ஆனால் முன்னால் இருந்து பார்த்தால் ஏரி முழுசாகத் தெரிகிறது. இதைப் பார்த்துக்கொண்டுதான் நீ இத்தனை வருஷம் போயிருக்கிறாய், எங்களிடம் சொல்லவே இல்லை.

"நான் கொஞ்சம் வரட்டுமாப்பா முன்னாடி?" என்று பீட்டர் கேட்கிறான்.

வேண்டாம் என்கிறேன். என் தோள் சின்னதுதான், அவனை முழுசாக மறைக்காது. இருந்தாலும் அவன் மூச்சு வாங்காமல் வருகிறான், வாய் ஓயாமல் பேசிக்கொண்டே வருகிறான். நான் தலையை இறக்கி மிதிக்கிறேன்.