ஜூஜுவாடி முனிராஜ் யார், அக்கா?

என் சாந்தா அக்காவுக்கு,

நீ போய்ச் சேர்ந்த இடத்துக்கு நலம் விசாரித்து எழுதும் முறை எனக்குத் தெரியாது. அதனால் நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். ஜூஜுவாடி முனிராஜ் யார்?

முறைக்காதே. கேட்பது நான் இல்லை, உன் வீட்டுக்காரர். நான் வெறும் தபால்காரி.

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஓசூர் வீட்டில் நான் யூனிஃபார்மை ஊறப்போட்டுக்கொண்டிருந்தபோது மாமா போன் செய்தார். ரேடியோவில் உன் நேயர் விருப்ப நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. நீ வழக்கமாகக் கேட்கும் அந்த மழைப் பாட்டைப் போடுவதற்கு முன், அறிவிப்பாளர் அம்மா வரிசையாகப் பேர் வாசிப்பாரே, அதில் "காவேரிப்பட்டினம் சாந்தா, ஜூஜுவாடி முனிராஜ்" என்று வாசித்தாராம்.

"மல்லிகா, உன் வேலைதானே இது?" என்றார் மாமா.

அவர் என்னைச் சந்தேகப்பட்டதில் தப்பில்லை. சிரிக்கவே தெரியாத எங்கள் வீட்டு ஓனர் பேரில் ஒரு காதல் பாட்டுக்கு நான் கார்டு போட்டு, அவர் மனைவி ஒரு வாரம் அவரோடு பேசாமல் இருந்த கதையை ஊர் முழுக்கச் சொன்னவளே நீதானே. ஆனால் இது நான் இல்லை. உன் மேல் சத்தியம் என்றேன். செத்தவள் மேல் சத்தியம் செய்தால் யாருக்கு என்ன நஷ்டம் என்று மடக்கினார். அப்புறம்தான் கேட்டார்.

"அப்ப அந்த முனிராஜ் யாரு?"

அக்கா, அந்தக் கேள்வியில் சோப்புத் தண்ணீர் என் கையிலேயே காய்ந்துவிட்டது. யோசித்துப் பார்த்தால், வருஷக்கணக்காக உன் பேருக்குப் பின்னாலேயே அவன் பேரும் வந்துகொண்டிருந்திருக்கிறது. நானே எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். ஒரே பாட்டை ரெண்டு பேர் கேட்டால் சேர்த்து வாசிப்பது அவர்கள் வழக்கம்தானே என்று விட்டுவிட்டேன். ஆனால் முறுக்குச் சுடுபவளும் சீட்டுப் பிடிப்பவளுமாக உனக்கு அத்தனை சிநேகிதிகள் இருக்க, கர்நாடக எல்லையில் இருக்கும் ஒருத்தனோடு மட்டும் எப்படி இத்தனை வருஷம் ஒரே பாட்டு?

என் உத்தியோகம் உனக்குத் தெரியும். கம்பெனியில் டைம் ஆபீஸ். வராதவன் கார்டையும் சேர்த்துப் பஞ்ச் அடிக்கிறவனைப் பிடித்துக் கொடுப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். இருபது வருஷமாக மனிதர்கள் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அவர்கள் கையைப் பார்க்கிறவள் நான். இங்கே என்னடாவென்றால் உலகத்திலேயே இல்லாதவளுக்கு யாரோ பஞ்ச் அடிக்கிறான்.

முதலில் உன் எதிர்வீட்டு ராணியைச் சந்தேகப்பட்டேன். உன் நைட்டி ரெண்டை இன்னும் திருப்பித் தரவில்லை, பேரையும் எடுத்துக்கொண்டிருப்பாளோ என்று. போய்க் கேட்டதில் ரேடியோவே இல்லை என்று சத்தியம் செய்தாள். நைட்டியைப் பற்றிய பேச்சை லாவகமாகத் தவிர்த்துவிட்டாள். அடுத்து மாமாவையே சந்தேகப்பட்டேன். மனுஷன் இப்போது மீசைக்கு டை அடிக்கிறார், தெரியுமா? ஆனால் அவரைப் பார்க்கப் போன அன்று என் சந்தேகம் செத்துவிட்டது. ரேடியோவைத் துணி சுற்றிப் பீரோவில் வைத்துவிட்டார். உன் படத்துக்குத் தினமும் ஒரு முழம் மல்லிகை வைப்பாரே, அந்த ஆணியில் காய்ந்த நார் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது.

"பூ எங்க மாமா?"

"பூக்காரம்மா வரலை."

பூக்காரம்மா வாசலில் நின்று ராணிக்கு முழம் போட்டுக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கே முடிவு செய்தேன். மறுநாள் லீவு போட்டுவிட்டு ஜூஜுவாடிக்கு டவுன் பஸ் ஏறினேன். உன்னைக் காப்பாற்றத்தான் போனேன் என்று எழுத ஆசை. நிஜத்தைச் சொன்னால் பாதி அதற்கு, பாதி அந்த ஆள் பார்க்க எப்படி இருப்பான் என்று தெரிந்துகொள்ள.

டீக்கடையில் முனிராஜ் என்றேன். எந்த முனிராஜ் என்றார்கள். அந்த ஊரில் கல்லெறிந்தால் ஒரு முனிராஜ் மேல்தான் விழும் போலிருக்கிறது. ரேடியோவில் பேர் வருமே என்றதும் கடைக்காரர், "ஓ, பாட்டு முனிராஜா?" என்று லாரி எடை போடும் இடத்தைக் காட்டினார். பெரிய லாரியே ஏறி நிற்கிற எடை மேடை. பக்கத்தில் தகர ஷீட் போட்ட கேபின். உள்ளே வழுக்கைத் தலையோடு அறுபதைத் தாண்டிய ஒருத்தர், மூக்கில் வழிந்த கண்ணாடி, மேஜையில் ரேடியோ. உனக்கு எந்த வகையிலும் பொருத்தமில்லை, அக்கா. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

காவேரிப்பட்டினம் சாந்தாவின் தங்கை என்றேன். அவர் எழுந்து நின்றுவிட்டார். நாற்காலியைத் துண்டால் தட்டி என் பக்கம் தள்ளினார். மிரட்டுவதற்காக வழியெல்லாம் நான் தயார் செய்துகொண்டு போன வசனத்தை எல்லாம் விட்டுவிட்டு உட்கார்ந்தேன்.

"அக்கா நல்லா இருக்காங்களாம்மா? ஒடம்புக்கு ஏதாச்சும் ஆயிடுச்சா?" என்றார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள் தமிழ் பேசும்போது வருமே, அந்த இழுவை.

என் அக்கா பேரில் கார்டு எழுதியது யார் என்று மட்டும் கேட்டேன்.

"நாந்தாம்மா," என்றார், ஒளிக்காமல்.

எங்கள் கம்பெனியில் இப்படி ஒத்துக்கொள்கிறவனை நான் பார்த்ததே இல்லை. ஏன் எழுதினீர்கள் என்றேன். அதற்கு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், சரியா என்று நீ சொல்ல வேண்டும்.

"ரெண்டு வருஷம் முன்னாடி இங்கயே லாரியில அடிபட்டு ரெண்டு மாசம் படுத்துக் கெடந்தேம்மா. கார்டு எங்க போடுறது? ஆனா நாலஞ்சு வாரம் கழிச்சு ரேடியோல எம் பேரு வருது. காவேரிப்பட்டினம் சாந்தா, ஜூஜுவாடி முனிராஜுன்னு. நான் எழுதலை. அப்பறம் யாரு எழுதுனது?"

பார்த்ததே இல்லையா என்றேன். இல்லை. பேசியதும் இல்லையா? இல்லை. போன் நம்பர்? அவர் சிரித்தார். முகவரிகூடத் தெரியாதாம். உன் பேரும் ஊரும்தான் தெரியும். வெளியே ஒரு லாரி ஹாரன் அடித்தது. போய் எடையைக் குறித்துச் சீட்டுக் கொடுத்துவிட்டு வந்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். ஏழு மாதம் முன்னால் உன் பேர் நின்றுபோனதாம். அக்காவும் எங்கேயோ கால் உடைந்து படுத்திருப்பார்கள், எழுந்து வருகிற வரைக்கும் பேர் விட்டுப்போகக் கூடாது என்று அவரே சேர்த்து எழுதினாராம். மாதாமாதம் போட்ட கார்டில் இப்போதுதான் ஒன்று வாசிக்கப்பட்டிருக்கிறது. உன் பேரை முன்னால் போட்டு, அவர் பேரைப் பின்னால் போட்டு.

அவருக்கு நான்தான் சொல்ல வேண்டியிருந்தது, அக்கா. சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்ப இனிமே எழுதக் கூடாதுங்களா?" என்றார்.

வராதவனுக்குப் பஞ்ச் அடித்தவனுக்கு மெமோ கொடுப்பது என் வேலை. ஆனால் மாமாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்று மட்டும்தான் என்னால் சொல்ல முடிந்தது.

உன்னைக் கேட்க எனக்கு நிறைய இருக்கிறது. அந்த ஆள் அடிபட்டது உனக்கு எப்படித் தெரியும்? தெரியாமலேயே, பேர் வரவில்லை என்ற ஒரே காரணத்துக்காகவா எழுதினாய்? ஏன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை? சரி, அந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் எனக்கே தெரியும். என்னிடம் சொன்னால் சாயங்காலத்துக்குள் எங்கள் கம்பெனி இருக்கும் சிப்காட் முழுக்கத் தெரிந்துவிடும்.

நேரே காவேரிப்பட்டினம் போய் மாமாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நிம்மதிப் பெருமூச்சு விடுவார் என்று பார்த்தால், முகம் இன்னும் சுருங்கிவிட்டது.

"முகம் தெரியாதவன் பேரை எழுதியிருக்கா. ஒம் பேரு வந்திருக்கு, பசங்க பேரு வந்திருக்கு, அந்த ராணி பேருகூட வந்திருக்கு. ஒரு தடவையாச்சும் எம் பேரு வந்துச்சா?"

அப்போதுதான் புரிந்தது. மனுஷனுக்கு முனிராஜ் மேல் இருந்த கோபம் இல்லை அது.

நல்லவேளை, எனக்கு ஞாபகம் இருந்தது. கல்யாணமான புதிதில் நீ எழுதிய முதல் கார்டில் அவர் பேர்தான் முதலில் இருந்தது. அவர்தான் வாங்கிப் பார்த்துவிட்டு, தாலுகா ஆபீஸில் சிரிப்பார்கள், என் பேரை எங்கேயும் எழுதாதே என்று தன் பேரைப் பேனாவால் அடித்துவிட்டார். அந்தக் கார்டை நீ என்னிடம் காட்டி அழுதாய். அதற்கப்புறம் எழுதவே இல்லை. அவர் ரிட்டயர் ஆன பிறகாவது நீ ஒரு தடவை கேட்டிருக்கலாம். ஆனால் சொன்ன சொல்லை அத்தனை வருஷம் காப்பாற்றுகிறவள் நீ. இதை அவரிடம் சொன்னேன். "நானா சொன்னேன்?" என்றார். ரெண்டாவது தடவை அதையே கேட்கும்போது குரல் இறங்கிவிட்டது.

எழுந்துபோய்ப் பீரோவிலிருந்து ரேடியோவை எடுத்து, சுற்றியிருந்த துணியாலேயே அதைத் துடைத்தார். நான் என் பையிலிருந்து ஒரு கார்டை எடுத்து, உன் மழைப் பாட்டைக் கேட்டு எழுத ஆரம்பித்தேன். காவேரிப்பட்டினம் சாந்தா என்று எழுதியதும் கையை நீட்டிப் பேனாவைப் பிடுங்கிக்கொண்டார். உன் பேருக்குப் பக்கத்தில் அவரே எழுதினார்: பெ. கோவிந்தராஜ், முதுநிலை வருவாய் ஆய்வாளர் (ஓய்வு). முத்திரை குத்தாததுதான் பாக்கி. அதற்குக் கீழே, கொஞ்சம் யோசித்துவிட்டு, ஜூஜுவாடி முனிராஜ். ஆனால் சின்ன எழுத்தில்.

இன்னும் முழுசாக நம்பவில்லை அவர். நானும்தான். முகம் தெரியாத ஒருத்தருக்காக நீ கார்டு எழுதினாய் என்பதை நம்புகிறேன், என்னிடம் சொல்லாமல் இருந்தாய் என்பதைத்தான் நம்ப முடியவில்லை. ஆனாலும் ஒன்று உறுதி. இனி உன் பேர் விட்டுப்போகாது. மாமா மறந்தால் நான் எழுதுவேன், நான் மறந்தால் ஜூஜுவாடியில் ஒருத்தர் எழுதுவார். மூன்று பேரும் சேர்ந்து உனக்குப் பஞ்ச் அடிப்போம். பிடிக்கிறவர்கள் பிடித்துக்கொள்ளட்டும்.

கிளம்பும்போது பார்த்தேன், உன் படத்து ஆணியில் புது மல்லிகை. பூக்காரம்மா இன்றைக்கு வந்துவிட்டாளாம்.

ராணியிடமிருந்து நைட்டியையும் வாங்கிவிடுவேன் என்று வாக்குக் கொடுத்து,
உன் சந்தேகப் பிராணி,
உடன்பிறந்த மல்லிகா