றப்பர் குழியில் நட்ட சிலுவை

இயேசு மரி சூசை துணை

கஹவத்தை
10.4.1980

அன்புள்ள மகள் ஜெசிந்தாவுக்கு அம்மா எழுதிக்கொண்டது. கோத்தகிரிக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் இருமல் சளி இல்லாமல் இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். என் உடம்புக்கு ஒன்றுமில்லை, கோபம்தான் இன்னும் இறங்கவில்லை.

தோட்டத்துப் புதைகாட்டில் றப்பர் கன்று வைக்கப் போகிறார்கள், அப்பாவின் சிலுவையைப் பிடுங்கச் சொல்கிறார்கள் என்று எழுதினேன். அதையும் ஒரு சிலுவையாக நினைத்துச் சுமந்துகொள்ளுங்கள் அம்மா என்று பதில் போட்டிருக்கிறாய். நன்றாக இருக்கிறது தாயி உன் ஞானம். ஆண்டவர் வாயை மூடிக்கொண்டா சுமந்தார், கன்னத்தில் அறைந்தவனை ஏன் அடித்தாய் என்று கேட்டாரே. அவரைக் கொல்ல வந்தவர்கள் தோற்றுப்போன மரம் அது, அதனால்தான் முத்தமிட்டு முத்தி செய்கிறோம்.

நடந்ததைக் கேள். பெரிய வெள்ளிக்கு முதல் நாளே கல்லறைகளுக்கு நடுவில் கன்றுக்குக் குழி வெட்டிவிட்டார்கள். வெள்ளியன்று எப்போதும் போல நம் லயத்து வீடுகளிலிருந்து சிலுவைப்பாதை செய்துகொண்டு பெரிய மரச்சிலுவையைத் தூக்கிப் போனோம், ஆண்டவரை அடக்கம் செய்கிற பதினான்காம் ஸ்தலம் அங்கேதானே. மற்ற வருஷங்களில் முத்தி செய்துவிட்டுக் கோயிலுக்குத் திருப்பிக் கொண்டுவருவோம், இந்த வருஷம் நான் அதை அப்பாவின் தலைமாட்டுக் குழியில் இறக்கி மண்ணைத் தள்ளி மிதித்துவிட்டேன். உபதேசியார் பதறிப்போனார். பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கிற மருதாயி, மாரியம்மனைக் கும்பிடுகிறவள், எங்க ஆளும் இங்கதானே கெடக்காரு, நானும் ஒன்னு நட்டா ஒங்க சாமி கோவிச்சுக்குமா என்று கேட்டாள். நடு தாயி என்றேன். இரண்டு குச்சியைக் குறுக்கே கட்டி அடுத்த குழியில் நட்டாள். அப்புறம் யாரையும் நிறுத்த முடியவில்லை. திங்கட்கிழமை கன்றோடு வந்த கங்காணிக்கு ஒரு குழிகூட மிச்சமில்லை.

அன்றிலிருந்து எனக்குப் பேர் போடவில்லை, வேலையும் இல்லை சம்பளமும் இல்லை. நாளைக்கு ஆபீசில் விசாரணை. நட்ட கையாலேயே நான் பெரிய சிலுவையைப் பிடுங்க வேண்டுமாம், இல்லாவிட்டால் வேலையும் இல்லை காம்பராவும் இல்லை என்று துரை சொல்லி அனுப்பியிருக்கிறார். பயமில்லை என்று பொய் எழுத மாட்டேன், இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் பிடுங்க மாட்டேன். இதைச் சாக்காக வைத்து அங்கே வா என்று கூப்பிடாதே, அப்பாவை மரத்தடி எருவாக விட்டுவிட்டு நான் கப்பல் ஏற மாட்டேன்.

பிள்ளைகள் நெற்றியில் எனக்காகச் சிலுவை வரைந்துவிடு. கர்த்தர் உங்களைக் காப்பாற்றட்டும். ஒன்று மறக்காதே, இனித் தோட்டத்து முகவரிக்கு எழுத வேண்டாம், கஹவத்தையில் ஹஸன் நானா கடைக்குப் போடு. காம்பராவில் நான் இல்லையென்றால் எங்கே இருப்பேன் என்று அவருக்குச் சொல்லி வைத்திருக்கிறேன், புதைகாட்டுக்கே கொண்டுவந்து கொடுப்பார்.

இப்படிக்கு,
உன் அம்மா
சவரியாயி