ஐந்து சொல் பரீட்சை

மார்ச் 4
ஐந்துக்கு மூன்று மார்க். சிவப்புப் பேனாவில் “முயற்சி போதாது” என்று வேறு எழுதியிருக்கிறார் என் வீட்டுக்காரர். பேருந்துப் பணிமனையில் முப்பத்தோரு வருடம் நேரக் காப்பாளர். ஓய்வு பெற்ற கையோடு என் மூளைக்கு மேலதிகாரியாகப் பொறுப்பேற்றுக்கொண்டார்.

நான் செய்த குற்றம்: மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றிக்கொண்டு அதை வீடு முழுக்கத் தேடினேன். அன்றே மகளுக்குப் போன் போட்டார்: “உங்கம்மாவுக்கு ஆரம்பிச்சிடுச்சு.”

அதிலிருந்து தினமும் காலையில் ஐந்து சொற்கள் சொல்கிறார். பத்து நிமிடம் கழித்து நான் ஒப்பிக்க வேண்டும். அவர் கையில் மட்டும் எழுதிவைத்த தாள். பரீட்சை எனக்குத்தானே.

மார்ச் 11
எதிர்வீட்டு அம்மாளின் பெயர் நாக்கு நுனிவரை வந்து நின்றுவிட்டது. நான் வேலை பார்க்கும் மருந்துக்கடையில் யாருக்கோ மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தபோது தானாக வந்தது. மூன்று மணி நேரத் தாமதம். இதையும் கோப்பில் குறித்துக்கொண்டார்.

மார்ச் 19
இந்த வாரம் மூன்றாவது முறையாக அக்ரூட் வாங்கி வந்திருக்கிறார். முதல் இரண்டு பையும் அலமாரியில் அப்படியே இருக்கின்றன. பார்க்க மூளை மாதிரி இருப்பதால் மூளைக்கு நல்லதாம். அப்படியானால் முட்டைக்கோஸ் வழுக்கைக்கு நல்லதா என்று கேட்டேன். தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

ஏப்ரல் 2
இன்று ஐந்துக்கு ஐந்து! ஆனால் மதியம். காலையில் கேட்ட அதே தாளை, அதே சொற்களை, சாப்பிட்டு முடித்ததும் மறுபடி கேட்டார். காலையிலேயே கேட்டாயிற்றே என்றேன். நடக்காத பரீட்சையை நடந்ததாகச் சொல்கிறேனாம், இது அடுத்த கட்டமாம். மகளிடமும் அப்படியே சொல்லிவிட்டார்.

கடையில் இதைச் சொல்லிச் சிரித்தேன். முதலாளி சிரிக்கவில்லை. “அவரையும் ஒருதடவை காட்டிடுங்கக்கா” என்றார். போடா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

ஏப்ரல் 10
பத்து நிமிட தூரத்திலிருக்கும் மளிகைக்கடைக்குப் போனவர் ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் வந்தார். சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. “ரோட்டை மாத்திட்டானுங்க” என்றார். யாரும் எந்த ரோட்டையும் மாற்றவில்லை.

நான் ஏன் சண்டை போடவில்லை?

ஏப்ரல் 24
என்னை மருத்துவரிடம் அழைத்துப் போனார். அதாவது, நான் அவரை அழைத்துப் போனேன். அவருக்கு அது தெரியாது. என் மார்க் தாள்கள் அத்தனையையும் தேதிவாரியாகக் கோத்து எடுத்து வந்திருந்தார்.

டாக்டரம்மா பொறுமையாகப் புரட்டினார். என்னைச் சோதித்துவிட்டு, “சார், சும்மா நீங்களும் ஒருதடவை” என்றார். ஒரு கடிகாரம் வரைந்து பதினொன்று பத்து காட்டச் சொன்னார்.

இருநூறு வண்டிகளுக்கு நேரம் போட்ட கை. எண்கள் எல்லாம் வலது பக்கமாகவே நெருக்கியடித்து நின்றன. முள்ளை எங்கே வைப்பது என்று பேனாவைத் தூக்கியபடி என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன் — எதையோ கேட்கிற குழந்தை மாதிரி இருந்தது அந்த முகம். இத்தனை நாள் இதை வைத்தா சிரிச்சுக்கிட்டிருந்தேன் நான்?

மே 6
அவருடைய இரத்தப் பரிசோதனையில் ஒன்றுமில்லை. ஸ்கேனில் இருக்கிறது.

மருத்துவர் எனக்குச் சொன்னது: வயதாக ஆக எல்லோருக்கும் மூளை கொஞ்சம் சுருங்கும், வேகம் குறையும். பெயர் தாமதமாக வரும், ஆனால் வரும். அவருடையது வேறு. “உங்களுக்கு உள்ள இருக்கறதைத் தேடி எடுக்க நேரமாகுதும்மா. அவருக்கு உள்ள போய்ப் பதியறதே இல்ல.”

அவரும் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். டாக்ஸியில் ஏறியதும் என் கையைப் பிடித்துக்கொண்டார். “உன்னைப் பத்தி என்ன சொன்னாங்கன்னு கேட்டியா? பயப்படாத. நான் பாத்துக்கறேன்.”

சரிங்க என்றேன்.

மே 7
பரீட்சை நடந்தது. வேண்டுமென்றே இரண்டு தப்பு விட்டேன். மனுஷனுக்கு அவ்வளவு திருப்தி.

ஜூன் 14, இரண்டு வருடம் கழித்து
இந்த நோட்டு இன்றைக்குத்தான் கையில் கிடைத்தது. கடைக்கு இப்போது மதியம் வரைதான் போகிறேன். அதுவரை மகள் பார்த்துக்கொள்கிறாள்.

எங்கள் கல்யாணக் கதையை நான் எந்த விருந்தில் எடுத்தாலும் இவருக்குக் கோபம் வரும். நேரக் காப்பாளர் மாப்பிள்ளை தன் கல்யாணத்துக்கே நாற்பது நிமிடம் தாமதம், அவருடைய பணிமனை வண்டியே வழியில் நின்றுவிட்டதால். அது டிரைவர் தப்பு என்று முப்பது வருடமாக வாதாடினார்.

இன்று சவரம் செய்துவிடும்போது சும்மா அதைச் சொன்னேன். சோப்பு நுரையோடு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். இந்தக் கதைக்கு அவர் சிரித்தது இதுவே முதல் தடவை. பிறகு கொஞ்சம் கவலையாகக் கேட்டார்:

“பொண்ணு கோவிச்சுக்கிட்டு எழுந்து போயிடலையா?”

“இல்லங்க. காத்துக்கிட்டே இருந்தா.”

“நல்ல பொண்ணு” என்றார்.