கதவு திறந்திருக்கா, தாத்தா?

பைன் ரிட்ஜ், வட கரோலினா
திங்கட்கிழமை

ரோண்டாவுக்கு, கிளின்ட்டின் அம்மா வெர்னீஸ் எழுதுவது.

இங்கே எல்லாரும் உயிரோடு இருக்கிறோம். நீயும் அந்த அரிசோனா வெயிலில் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். உன் மகன் கோல்பிக்கு நீ அனுப்பிய கிறிஸ்துமஸ் வாழ்த்தின் உறையிலிருந்துதான் உன் விலாசம் கிடைத்தது. தொலைபேசி எண்ணை அவன் தரவில்லை. "எதுக்கு பாட்டி, மறுபடி சண்டை போடவா?" என்று சிரித்தான். எழுத்துப் பிழை இருந்தால் இருக்கட்டும். உன் மகனின் முதல் பிறந்தநாள் கேக்கில் நான் எழுதிய பெயரில் ஓர் எழுத்து குறைகிறது என்று எல்லார் முன்னாலும் சொன்னவள் நீ. எழுத்து குறைந்ததால் இனிப்பு ஒன்றும் குறையவில்லை. நீயும் இரண்டு துண்டு தின்றாய்.

கிளின்ட் இன்னும் கோழித் தொழிற்சாலைக்கு லாரி ஓட்டுகிறான். மழை வந்தால் தோள் வலி. நீ நட்டுவிட்டுப் போன பீச் மரம் இந்த வருஷம் காய்த்தது. நான் தண்ணீர் ஊற்றவில்லை. அதுவாகவே காய்த்தது.

இனி விஷயம். மூன்று சனிக்கிழமைக்கு முன்னால் நடந்த கார் பந்தயத்தில் யாரோ பின்னாலிருந்து இடித்து, கோல்பியின் கார் பின்பக்கமாகப் போய்ச் சுவரில் மோதியது. கார் நிற்கவில்லை. அவனும் நிற்கவில்லை, ஓட்டிக்கொண்டே போனான். ஜனங்கள் எழுந்து கைதட்டினார்கள். உன் மாமனார் ஹார்லன் ஓட்டின காலத்தில் கார் தகர டப்பா மாதிரி நசுங்கும். ஆள் மட்டும் புழுதியைத் தட்டிக்கொண்டு நடந்து வருவார். இப்போது கார் முழுசாக வருகிறது. உள்ளே என்ன நசுங்கியது என்று யாருக்கும் தெரிவதில்லை.

ஓட்டுகிறவனும் பார்வையாளர் மேடைக் கூரைமேல் நின்று அவனுக்கு வழி சொல்கிறவனும் பேசிக்கொள்வதைக் கேட்கும் அந்தக் காதுப்பெட்டியை நீ எப்போதும் வெறுத்தாய். நான் இன்னும் அதைத்தான் மாட்டிக்கொள்கிறேன். சுவரில் மோதிய சிறிது நேரத்தில் அதில் கோல்பியின் குரல் வந்தது. "தாத்தா, கதவு திறந்திருக்கா?" என்று கேட்டான்.

உனக்கு ஞாபகம் இருக்கும். கூரைமேல் ஹார்லன் நின்ற காலத்தில், பாதையின் உள்பக்கம் வேறு கார் ஒன்றும் இல்லையென்றால் மற்றவர்கள் மாதிரி 'காலி' என்று சொல்லமாட்டார். "கதவு திறந்திருக்குடா, உள்ள வா" என்பார். ஹார்லன் போய் மூன்று வருஷம் ஆகிறது. இப்போது அங்கே நிற்பவன் டுவைட்.  அவன் "உள்பக்கம் காலி" என்றான். கோல்பி அதற்கு, "என்ன தாத்தா, ஒரு மாதிரி பேசுற, எம்மேல கோவமா?" என்று கேட்டான்.

பந்தயம் முடிந்து இறங்கியதும் கேட்டேன். நான் அப்படிச் சொல்லவே இல்லை என்றான். மறுநாள் காலையில் ஜாம் புட்டியைக் கையில் வைத்துக்கொண்டே ஜாம் எங்கே பாட்டி என்று தேடினான். கிளின்ட்டிடம் சொன்னேன். "தலை கொஞ்சம் கிண்ணுனு இருக்கும்மா. எனக்கு எத்தன தடவ ஆயிருக்கு, நான் நல்லாத்தானே இருக்கேன்" என்றான். அவன் நல்லாயிருக்கும் லட்சணம் உனக்குத் தெரியும். டாக்டரிடம் போகலாம் என்று கோல்பியைக் கெஞ்சினேன். "போனா ஓட்டவிடாம உக்கார வெச்சிடுவாங்க பாட்டி. கடைசிப் பந்தயத்துக்குப் பெரிய டீம்லேர்ந்து என்னைப் பாக்க ஆள் வருது. நீ வாயத் தொறக்காத" என்று ஹார்லனின் தொப்பிமேல் என் கையை வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டான். டுவைட்டிடம் கேட்டால், "ஓட்டறவன் நல்லாருக்கேன்னு சொல்றான், கூரை மேல நிக்கறவன் என்னத்தச் சொல்ல?" என்கிறான். பாஸ்டர் ஜெபிக்கிறாராம்.

பந்தயத் திடலின் முதலாளி பக்னர், கூட்டம் குறைந்து போச்சு என்று சொல்லி ரசிகர்களையெல்லாம் நேற்று சர்ச் கூடத்துக்கு அழைத்திருந்தார். பந்தயத்தை எப்படிச் சரிசெய்வது என்று பேச. நான் போனதற்குக் காரணம் வேறு. சத்தியம் செய்தது நான் மட்டும்தானே? அன்றைக்குக் காதுப்பெட்டி மாட்டியிருந்தவர்கள் எத்தனையோ பேர். அதில் ஒருத்தராவது எழுந்து, அந்தப் பையனுக்கு என்னமோ ஆகிவிட்டது, அவனைக் காரில் ஏற்றாதீர்கள் என்று சொல்லமாட்டார்களா என்று போனேன்.

வறுத்த கோழி, வாழைப்பழப் புட்டிங், எல்லாம் இருந்தது. மார்லா சுட்டுக்கொண்டுவந்த ஆப்பிள் பை வழக்கம்போல அடியில் வேகவில்லை. முதலில் எழுந்தது முடிவெட்டும் ஆர்வில். "இப்பல்லாம் கார் தண்டவாளத்துல போற மாதிரி போவுது. வழுக்கணும்யா. வழுக்கினாத்தான் ஓட்டறவன் யாரு, ஒக்காந்திருக்கறவன் யாருன்னு தெரியும்" என்றான். டயர் சீக்கிரம் தேயணும் என்றான் ஒருத்தன். இன்ஜினுக்கு இன்னும் பலம் வேணும் என்றான் இன்னொருத்தன். வருஷம் முழுக்க நன்றாக ஓட்டியவனை விட்டுவிட்டு, கடைசி நாளில் ஜெயித்தவன் கையில் கோப்பையைக் கொடுப்பது அநியாயம் என்று ஒரே கூச்சல். அதை எதிர்த்து ஒருத்தன், "அது இல்லேன்னா கடைசி நாள் எவன்யா வருவான், உங்க மாமியாரா?" என்றான். பள்ளி பஸ் ஓட்டும் மார்லா எழுந்து, "சுவத்துல மோதிட்டுச் சிரிச்சுக்கிட்டே எறங்குறானுங்க. பயமே இல்லாத பந்தயம் என்ன பந்தயம்?" என்றாள். அவள் சுட்ட ஆப்பிள் பையை நான் தொடாததற்கு இன்னொரு காரணமும் கிடைத்தது.

பிறகு ஆர்வில் மறுபடி எழுந்தான். "கோல்பி அன்னிக்கு ரேடியோவுல பேசுனத எத்தன பேர் கேட்டீங்க?" என்றான். ரோண்டா, என் நெஞ்சு எழுந்து நின்றது. நாற்பது வருஷமாக நான் பேசாத மனிதன் அவன். ஹார்லனின் காரை ஓட்டை வண்டி என்று ஊரெல்லாம் சொன்னவன். சொல்லுடா ஆர்வில், இதை மட்டும் சொல்லு, எல்லாவற்றையும் மன்னித்துவிடுகிறேன் என்று மனதுக்குள் சொன்னேன்.

அவன் தொப்பியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "செத்துப்போன தாத்தாகிட்ட வழி கேட்டு ஓட்டறான்யா அந்தப் பய. இந்தப் பந்தயத்துல காணாமப்போனது என்னான்னு கேக்கறீங்களே, அதான், பாசம்" என்றான்.

கூடமே கைதட்டியது. பக்னர் ஒலிவாங்கியைக் கொண்டுவந்து, ஹார்லன் மனைவி இரண்டு வார்த்தை பேசவேண்டும் என்று என் கையில் திணித்தார். கோல்பி ஐஸ் டீ மேசையருகே நின்று என்னையே பார்த்தான். சத்தியம் நரகத்துக்குப் போகட்டும் என்று பேசிவிட்டேன். "ஹார்லன் செத்து மூணு வருஷமாச்சு. அது அவனுக்கு அன்னிக்குத் தெரியல" என்றேன். அவ்வளவுதான் வந்தது. அதற்கும் கைதட்டினார்கள். மார்லா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். "அன்புக்குச் சாவே தெரியாது, வெர்னீஸ்" என்றாள். அப்படி இல்லை, அப்படி இல்லை என்றேன். என் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

அந்தக் கூட்டத்தில் எல்லாரும் ஒத்துக்கொண்டது ஒரே ஒரு விஷயம். கடைசிப் பந்தயத்தில் கோல்பி பேசுவதை ஒலிபெருக்கியில் போட்டுத் திடல் முழுக்கக் கேட்க வைப்பார்களாம்.

வெளியே வந்ததும் கோல்பி, "உன் காரை எங்க நிறுத்தியிருக்க பாட்டி?" என்றான். என் கண்ணில் புரை வந்ததிலிருந்து நான் கார் ஓட்டுவதில்லை. அவனுடைய வண்டியில்தான் போயிருந்தோம். அதைக் கையால் காட்டினேன். விளையாட்டுக்குக் கேட்டேன் என்று சிரித்தான். நானும் சிரித்தேன்.

பந்தயம் வரும் சனிக்கு அடுத்த சனி. அதற்குள் இந்தக் கடிதம் வந்து சேரும் என்கிறார் அஞ்சல்காரர். உன் பேச்சை அவன் கேட்பான் என்று நான் சொல்லவரவில்லை. யார் பேச்சையும் கேட்கும் நிலையில் இல்லை. ஆனால் இந்த வீட்டில் காரைப் பார்த்து வேண்டாம் என்று சொன்ன ஒரே ஆள் நீதான். நீ வீட்டைவிட்டுப் போன அன்று வாசலில் நான் உன்னைச் சொன்னது உனக்கு மறந்திருக்காது. எனக்கும் மறக்கவில்லை. அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் இல்லை. நீ அறைந்து சாத்தியதில் விரிசல் விட்ட கதவுக் கண்ணாடி இன்னும் அப்படியேதான் இருக்கிறது. கிளின்ட்டை மாற்ற விடவில்லை.

நான் கிழவி. காரின் முன்னால் போய் நின்றால் தூக்கி ஓரமாக உட்கார வைத்துவிட்டு, கையில் ஐஸ் டீயைக் கொடுப்பார்கள். நீ அவனைப் பெற்றவள்.

கர்த்தர் உன்னைக் காக்கட்டும். நெடுஞ்சாலையில் யார் முந்தினாலும் நீ நிதானமாக ஓட்டு. பீச் பழத்தைச் சர்க்கரைப் பாகில் போட்டு வைத்திருக்கிறேன், உனக்காக இல்லை, வீணாகக்கூடாதே என்று.

கதவு திறந்திருக்கிறது, ரோண்டா. உள்ளே வா.

வெர்னீஸ்