செம்பருத்தியில் கோலமாவு

அன்புள்ள அப்பாவுக்கு, ஜெர்சனின் ஸ்தோத்திரம். முழங்கால் வலி குறைந்ததா? நான் சுகம்.

முடிச்சூரில் நான் தோட்ட வேலை பார்க்கும் குடியிருப்பில் செம்பருத்தி முழுக்க மாவுப்பூச்சி. 'வெட்கங்கெட்ட ஜென்மம்!' என்று தினமும் அதோடு பேசித் திட்டுகிறேன். உட்கார்ந்த இடத்திலேயே சாற்றை உறிஞ்சிக் கொழுக்கிறது.

அசோசியேஷன் செயலாளர் வந்து, "ஏம்ப்பா, கோலமாவை செடி மேலயா கொட்டுவே?" என்று என்னைத் திட்டினார்.

"தொட்டுப் பாருங்க சார்."

தொட்டார். பூச்சி நசுங்கி விரலெல்லாம் சிவப்பு. அலறி ஓடியவர் இன்னும் கை கழுவுகிறார். பெரிய படிப்பாளி!

பூச்சிக்கு அடிக்க இங்கே கடையில் விற்கும் வேப்பெண்ணெயில் கசப்பே இல்லை. நம் வீட்டு எண்ணெய் ஒரு பாட்டில் வேண்டும். பார்சலில் அனுப்பாதீர்கள், நீங்களே கொண்டுவாருங்கள். செயலாளர் குழாயடியிலிருந்து கூப்பிடுகிறார், முடிக்கிறேன். வந்தால் பத்து நாளாவது தங்குங்கள். பூச்சியும் செத்துவிட்டால் எனக்கு இங்கே பேச ஆளில்லை.

உங்கள்
ஜெர்சன்